ஆழ்கடல் பவளமும் கடற்பஞ்சும்: கடலடி மீன்களின் குடியிருப்பு

கடல் வளம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பவளப்பாறையைத் தவறாமல் சேர்த்துவிடுவார்கள். அது என்ன என்று கேட்டால், ‘கடலுக்கு அடியில் இருக்கும் அழகான பாறை’ என்பதோடு பலருக்கு விளக்கம் முடிந்துவிடும். பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. சொல்லிலேயே ‘பாறை’ இருக்கிறதே! கடற்பஞ்சு என்ற சொல்லிலும் இதே சிக்கல்தான். உண்மையில் இரண்டுமே விலங்குகள். பவளம் என்பது மிகச் சிறிய உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து, சுண்ணாம்புப் பொருளால் தமக்கே கட்டிக்கொள்ளும் வீடு. கடற்பஞ்சோ உடம்பெல்லாம் துளையுள்ள உயிர். நீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள உணவை வடிகட்டி உண்ணும்.

உலு திராமிலிருந்து மெர்சிங் போய்ப் படகேறினால், ராவா, சீபு, திங்கி தீவுகளைச் சுற்றி நாம் பார்ப்பது ஆழமில்லாத கடலின் பவளம். அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்துக்கும் கொடுக்கின்றன. அதனால்தான், வெளிச்சம் இல்லாவிட்டால் பவளம் இல்லை என்று பலர் நினைக்கிறோம். ஆனால், நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில், வெயிலே எட்டாத இருட்டிலும் பவளங்கள் உண்டு. அவற்றுக்குப் பாசியின் துணை இல்லை. நீரோட்டம் கொண்டுவரும் உணவுத் துணுக்குகளைப் பிடித்துச் சாப்பிடுகின்றன. நவமணிகளில் ஒன்றாக நாம் மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளமும் பாசியில்லாத பவளம்தான். மத்தியதரைக் கடலில், வெளிச்சம் குறைந்த பாறை இடுக்குகளில் வளர்வது. ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூடத் தடிக்காது.

சரி, மீனுக்கு இதில் என்ன வேலை? கடலின் அடித்தரை பெரும்பாலும் சேறும் மணலுமாகத் தட்டையாகக் கிடக்கும். மரமே இல்லாத பள்ளித் திடலில் ஒரே ஒரு மரம் இருந்தால் ஓய்வு நேரத்தில் பிள்ளைகள் எங்கே கூடுவார்கள்? அப்படித்தான். பவளக் கிளைகளுக்குப் பின்னால் நீரோட்டத்தின் வேகம் குறைவு. மீன் சும்மா நின்று இளைப்பாறலாம். குஞ்சுகள் ஒளிந்துகொள்ளலாம். இடுக்குகளில் இறால், நண்டு, புழு என்று சாப்பாடும் கிடைக்கும். சில சுறாக்கள் தம் முட்டைப் பைகளை இந்தக் கிளைகளில்தான் சுற்றிவிட்டுப் போகின்றன.

கடற்பஞ்சும் இதே வேலையைச் செய்கிறது. கனடாவின் மேற்குக் கரையில், கண்ணாடி போன்ற சிலிக்கா எலும்புக்கூடு கொண்ட கடற்பஞ்சுகள் பெரும் திட்டுகளாக வளர்ந்திருப்பது 1987இல் கண்டுபிடிக்கப்பட்டது. வயது ஏறக்குறைய 9,000 ஆண்டுகள்! அங்கே கடலடி மீன்களின் குஞ்சுகள் அடைக்கலம் தேடுகின்றன. 2017இல்தான் அப்பகுதிக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது.

பாதுகாப்பு தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா கடற்கரைக்கு அப்பால் உள்ள ஓக்குலினா பவளத் திட்டுகளே சாட்சி. ஆழம் 70 முதல் 100 மீட்டர். வளர்ச்சி ஆண்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான். அதாவது, ஒன்றரை மீட்டர் உயரக் கிளைக் கூட்டம் உருவாக ஏறத்தாழ 100 ஆண்டு. அங்கே களவா மீன்கள், நம் பாசாரில் கெராப்பு என்போமே அந்த இனம், முட்டையிடக் கூடின. 1984இல் ஒரு பகுதியில் இழுவை மடிக்குத் தடை வந்தது. தடை எல்லைக்கு வெளியே விடப்பட்ட வடபகுதியில் இழுவை தொடர்ந்தது. 2000இல் எல்லை விரிந்தது. அதன்பின் படமெடுத்துப் பார்த்தால், 1970களில் முழுதாக நின்ற திட்டுகள் பல வெறும் சில்லுகளாகக் கிடந்தன. கனத்த வலை தரையை உரசிக்கொண்டு ஒரு முறை போனால் போதும். வீடு போனால் மீன் எங்கே தங்கும்?

அங்கே கான்கிரீட் உருண்டைகளை இறக்கி மீட்க முயன்றார்கள். நம் நாட்டு மீன்வளத் துறையும் ‘துக்குன் திருவான்’ எனும் செயற்கைத் திட்டுகளைக் கடலில் போடுகிறது. மீனுக்கு ஒதுங்க இடமாகும், சில வகைகள் இழுவை மடியையும் தடுக்கும். நல்ல முயற்சிதான். ஆனாலும், இருப்பதை உடையாமல் காப்பதே மலிவு என்பேன். மெர்சிங் தீவுகளில் அது நடக்கிறது. 1994இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இத்தீவுகளைச் சுற்றி 2 கடல் மைல் வரை மீன்பிடிக்கத் தடை.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு சொல் பற்றிய குறிப்பு. கெராப்பு, ஈக்கான் மேரா போன்றவற்றை ‘ஆழ்கடல் மீன்’ என்று எழுதிவிடாதீர்கள். ஆழம் எவ்வளவாக இருந்தாலும், தரையை ஒட்டி வாழும் மீனுக்குக் ‘கடலடி மீன்’ என்பதே பொருந்தும்.