உலர்த்தித் தாளும் ஒட்டுப் போர்வையும்

அமெரிக்க நாட்டில் துவைத்த ஆடைகளைக் கொடியில் இட்டு உலர்த்துவோர் குறைவு. வெப்பக் காற்றினிடையே ஆடைகளைப் புரட்டிப் புரட்டி உலர்த்தும் பொறி பெரும்பாலான இல்லங்களில் உண்டு. அங்ஙனம் புரளுங்கால் ஆடைகள் ஒன்றோடொன்று உராய்வதால் நிலைமின்சாரம் தோன்றும். அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இதனைத் தடுக்கவும், ஆடைக்கு மென்மையும் மணமும் ஊட்டவும் ஒரு மெல்லிய தாளை அவற்றுடன் இடுவர். 'டிரையர் ஷீட்' என்பது அதன் பெயர். உலர்த்தித் தாள் என்று நாம் அதனை வழங்குவோம். கான்ராட் கெய்சர் என்னும் அமெரிக்கர் 1969-ஆம் ஆண்டில் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

தாள் என்பது பெயரளவில்தான். பெரும்பாலும் பாலியெஸ்டர் இழைகளை நெய்யாமலே பரப்பி ஒன்றாகப் பிணைத்த துணியே அது. அதன்மீது மெழுகு போன்ற மென்மையூட்டி ஒன்றையும் நறுமணப் பொருளையும் பூசியிருப்பர். பொறியின் சூட்டில் அப்பூச்சு இளகி ஆடைகளிற் படியும். ஒருமுறை பயன்பட்டபின் பூச்சின் பெரும்பகுதி நீங்கிவிட, துணி எஞ்சி நிற்கும். பின்னர் அது செல்லுமிடம் குப்பைத் தொட்டி.

அதனை எறிய மனம் வாராதவர் ஒருசாரார் உளர். அவர் 'குவில்ட்' எனப்படும் ஒட்டுப் போர்வை தைப்பவர். பல நிறத் துண்டுகளை வடிவுற வெட்டி இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சுப் படலம், அடியில் வேறொரு துணி ஆகிய மூன்றையும் அடுக்கி, ஓட்டுத் தையலால் பிணைப்பதே ஒட்டுப் போர்வையாகும். எஞ்சியதை வீணாக்காமை இக்கலையோடு உடன்பிறந்தது. 1930-களில் கொடிய பொருளாதார மந்தம் அந்நாட்டைப் பீடித்தபோது, சிற்றூர்ப் பெண்டிர் மாவும் தீவனமும் வந்த பருத்திப் பைகளைப் பிரித்து, அவற்றிலிருந்த எழுத்துகள் மறையுமளவும் ஊறவைத்துத் தேய்த்து, போர்வையும் ஆடையும் தைத்தனர். அவர்தம் பேத்தியர் உலர்த்தித் தாளை நோக்குவதில் வியப்பில்லை.

அது பயன்படும் வகையும் பாராட்டத்தக்கதே. குறுகிய துணிக்கீற்றுகளை வரிசையாகத் தைத்து ஒரு கட்டம் அமைக்க அடித்தளம் ஒன்று வேண்டும். முன்னாளில் செய்தித்தாளை வைத்துத் தைத்துப் பின்னர்க் கிழித்தெடுப்பர். தாள் ஊசியை மழுக்கும். கிழிக்குங்கால் தையலும் இளகும். உலர்த்தித் தாளையோ உள்ளேயே விட்டுவிடலாம். இன்னும், பூவோ இலையோ போல வெட்டிய துண்டினை மற்றொரு துணிமேல் பதிக்க விரும்புவோர், அத்துண்டின் நல்ல பக்கத்தில் இத்தாளை வைத்துச் சுற்றிலும் தைப்பர். பின்னர்த் தாளை மட்டும் நடுவே கீறி, உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்புவர். வளைந்த விளிம்பும் மடிந்து ஒழுங்காக அமையும்.

ஆயின், உள்ளே விடுவதன்றோ வினாவின் உயிர்நிலை? மேலே தைத்தது பிடிக்காவிடின் பிரித்துவிடலாம். உள்ளே சேர்த்தது போர்வை உள்ளளவும் அதனோடிருக்கும். இங்கிலாந்தில் 1718 என்னும் ஆண்டு பொறித்த பட்டு ஒட்டுப் போர்வை ஒன்று இன்றும் உளது. வடிவம் அமைக்க வைத்த காகிதத் துண்டுகள் முந்நூறு ஆண்டுகளாக அதனுள்ளே இருக்கின்றன. அவ்வாறு எஞ்சிய கடிதத்துண்டும் கணக்குத்தாளும் வரலாற்று ஆய்வாளர்க்குப் பெருவிருந்தாவது உண்டு.

எல்லாப் போர்வைக்கும் அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டுநூலின் பசையை நீக்கியதால் குறைந்த எடையை ஈடுசெய்ய, வெள்ளீயம், இரும்பு முதலியவற்றின் உப்புகளைப் பட்டில் ஏற்றி விற்றனர். வாங்கிய மங்கையர் அப்பட்டின் கனத்தையும் சரசரப்பையும் கண்டு மகிழ்ந்து போர்வை தைத்தனர். அவற்றுட் பல இன்று அரும்பொருட் காட்சிச்சாலைகளில் தொட்டால் உதிரும் நிலையில் கிடக்கின்றன. இரும்பு உப்பினால் பழுப்புச் சாயம் ஏற்றிய பருத்தியும் அவ்வாறே. அண்டைத் துண்டுகள் அழியாதிருக்க, பழுப்புத் துண்டுகள் மட்டும் இற்றுப்போன போர்வைகள் பல. தைத்தவர்பால் குற்றமில்லை. துணியிற் கரந்திருந்ததை அவர் அறியார்.

உலர்த்தித் தாளில் எஞ்சும் மென்மையூட்டி அவ்வுப்புகளைப் போலக் கொடியதன்று. எனினும் அது துணியிற் படிந்தால் அழுக்கைப் பற்றும்; இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் இளகி எண்ணெய்க் கறைபோல் தோன்றும்; ஒட்டுப்பசை துணியிற் பிடிக்காமலும் செய்யும். எஞ்சிய மணம் சிலருக்கு ஒவ்வாமையும் தரும். ஆகவே வெந்நீரும் சவர்க்காரமும் இட்டு நன்கு அலசி, வழவழப்பும் மணமும் அகன்ற பின்னரே அதனைக் கொள்ளல் வேண்டும். கந்தையையும் கசக்கிக் கட்டச் சொன்ன முதுமொழி உடுப்பாரை நோக்கி எழுந்தது. தைப்பார்க்கும் அது பொருந்தும்.

கழுவினாலும் அது பாலியெஸ்டர் என்பதை மறத்தலாகாது. பருத்திக்குரிய கடுஞ்சூட்டில் மெல்லிய பாலியெஸ்டர் சுருங்கும். மேலும் சூடேறின் உருகும். அதனால் மிதமான சூட்டில், மேலே வேறு துணியிட்டே தேய்த்தல் தகும். சுடுகலம் பற்றும் கைத்துணியுள் அதனை வைத்தல் அறவே கூடாது.

என் கருத்தைக் கேட்பின், சுவரில் தொங்கவிடும் அணிக்கும் சிறுபைக்கும் கழுவிய உலர்த்தித் தாளைத் தயங்காது கொள்ளலாம் என்பேன். மகளுக்கும் அவள் மகளுக்கும் செல்லவேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தைக்கும் போர்வைக்கு அது வேண்டா. துவைத்துப் பழகிய பருத்தித் துணி எந்த வீட்டில்தான் இல்லை? நைந்த படுக்கை விரிப்பின் நல்ல பகுதியே அடித்தளத்திற்குப் போதும். அதுவும் எறியவிருந்த பொருளே, சிக்கனத்திற்கு இழுக்கில்லை.

இனி, தாளையே உள்ளே வைத்துத் தைத்துவிட்டார் செய்வதும் ஒன்றுண்டு. போர்வையின் பின்புறத்தில் தைத்தவர் பெயரும் ஆண்டும் எழுதிய சிறு துணியைச் சேர்ப்பது அந்நாட்டு வழக்கம். உள்ளே உலர்த்தித் தாள் உளது என்னும் செய்தியையும் அதில் ஒரு வரியாக எழுதிவைத்தால், பின்னாளில் அதனைத் தேய்ப்பவர் சூட்டைக் குறைத்துக்கொள்வர்.