கப்பலில் ஓர் இடம்

வன்னி யுத்தத்தின் இறுதி மாதங்களில், 2009 பெப்ரவரி 10ஆம் நாள், சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவினர் புதுமாத்தளன் கரையிலிருந்து 240 பேரளவில் நோயாளரையும் காயமுற்றோரையும் கப்பலேற்றித் திருகோணமலைக்குக் கொணர்ந்தனர். மே மாதம்வரை இப்பயணங்கள் தொடர்ந்தன. மார்ச்சில், மாவட்டத்தின் வடகோடியிலுள்ள புல்மோட்டையில் இந்திய வைத்தியர் கள வைத்தியசாலையொன்றை அமைத்தனர். ஏறக் காத்திருந்தோர் அநேகர், இடமோ சொற்பம்.

இத்தகைய வேளையில் முதியோர் தம் இடத்தை இளையோருக்கு விட்டுக்கொடுத்தல் முறையா? மனமுவந்து விடுவாராயின் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அதனை அவர்களிடம் எதிர்பார்ப்பது வேறு. காயத்தின் கடுமையையும் பிழைக்கும் வாய்ப்பையும் வைத்தியர் அளவிடலாம்; பிறந்த ஆண்டு அவ்விரண்டுக்கும் ஈடாகாது. 2020 மார்ச்சில், கொரோனா நெருக்கடியின்போது, தீவிர சிகிச்சைக்கு வயதெல்லை வகுக்க வேண்டிவரலாம் என இத்தாலிய மயக்கமருந்து வைத்தியர் சங்கம் கூறியதும் கடும் சர்ச்சை எழுந்தது.

"எனக்கென்ன, வாழ்ந்து முடித்தாயிற்று, பிள்ளையைப் பாருங்கள்" என்பது தமிழ் வீடுகளில் முதியோர் வாயில் எளிதில் வரும் சொல். அதில் அன்பும் உண்டு. பாரமாகிவிடுவோமோ என்ற அச்சமும் உண்டு. எது மிகுதி என்பதை உற்றார் சூழ நிற்கையில் அறிதல் அரிது. ஆதலால் வைத்தியர் அவரைத் தனியே மறுமுறை கேட்டபின்னரே அடுத்தவரை அழைத்தல் வேண்டும்.