கண்ணாடிக்குள் பூத்த பூ

தாய்மார்களே! வெண்டைக்காயை நறுக்கும்போது கவனித்திருப்பீர்கள். எங்கே நறுக்கினாலும் ஒவ்வொரு துண்டிலும் அதே பூ வடிவம்தான் தெரியும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாட்டுக் கைவினைஞர்கள் இந்த அதிசயத்தைக் கண்ணாடியில் செய்து காட்டினார்கள்.

பல நிறக் கண்ணாடிக் கம்பிகளைப் பூ வடிவம் வரும்படி கட்டாகச் சேர்த்து, நெருப்பில் ஒட்டச் செய்வார்கள். இளகியதும் இழுப்பார்கள். கட்டு மெல்லிய கோலாக நீளும். உள்ளிருக்கும் பூவும் உருக்குலையாமல் சிறுத்துக்கொண்டே போகும். ஆறிய பின் வில்லை வில்லையாக அறுத்து, மரப் பேழைகளில் பதிப்பார்கள். மனித முகம் வேண்டுமா? பாதி முகத்தை மட்டும் கோலுக்குள் அமைப்பார்கள். இரண்டு வில்லைகளில் ஒன்றைத் திருப்பிப் போட்டுச் சேர்த்தால், முழு முகம் சிரிக்கும்!

எகிப்து எங்கே, நம் கெடா எங்கே என்கிறீர்களா? தமிழ் மண்ணிலும் கண்ணாடியை இழுக்கும் வித்தை இருந்தது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் பெரிய அகழ்வாய்வு நடந்தது. பண்டைக் காலத்தில் அங்கே கண்ணாடியை மெல்லிய குழாயாக இழுத்து, கடுகளவாக நறுக்கி, மறுபடி சூடாக்கி, கூர் மழுங்கிய பாசிமணிகளாக்கினார்கள். உள்ளே பூ இல்லை; ஆனால் இழுத்து நறுக்கும் கைப்பழக்கம் ஒன்றுதான்.

அந்தக் கைப்பழக்கம் கடல் கடந்து நம் வாசலுக்கே வந்தது. கோலமூடா வட்டாரத்துச் சுங்கை மாஸில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இத்தகைய மணிகள் செய்யப்பட்டன. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீல மணிகளோடு கண்ணாடிக் கட்டிகளும் அங்கே மண்ணுக்குள் கிடைத்தன. மணி விற்ற இடம் மட்டுமல்ல, மணி செய்த இடமும் அதுதான் என்பதற்கு அவையே சாட்சி.

அந்தச் சாட்சியைக் காப்பது நம் கையில் இருக்கிறது. சுங்கை பத்து பகுதியில், பதினோராம் எண் கொண்ட பழங்கோயிலின் அடித்தளம் மண்வாரி இயந்திரத்தால் அழிக்கப்பட்ட செய்தி 2013-இல் வெளிவந்தது. நூற்றாண்டுகள் தாங்கிய கல், மீண்டும் வராமல் போயிற்று.

ஆகவே வாசகர்களே, வாய்க்கால் வெட்டும்போதோ கொல்லையில் கொத்தும்போதோ பழைய மணியோ ஓடோ கண்ணில் பட்டால், விளையாட்டுக்கும் விலைக்கும் கொடுத்துவிடாதீர்கள். கிடந்த இடத்தை விட்டு எடுத்துவிட்டால் அதன் கதையில் பாதி போய்விடும். மாவட்ட அதிகாரியிடம் தெரிவியுங்கள். 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டமும் அதையே சொல்கிறது.

விடுமுறையில் பிள்ளைகளை மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அரும்பொருளகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பெயர் தெரியாத உழைப்பாளிகளின் கைவண்ணம், உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளின் கண்ணில் படட்டும்!