பழைய பாட்டும் புதிய பட்டியலும்

மலைக்காற்றில் வந்த பாட்டு – 17

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "குணா படத்துப் பாட்டு திரும்பவும் எல்லாரும் கேட்கும் பாட்டாகிவிட்டதே. முப்பது வருஷத்துக்கு முந்திய பாட்டுக்கு இனிமேல் பட்டியலில் இடம் கிடைத்து என்ன ஆகப்போகிறது?" நல்ல கேள்வி. இந்த வாரம் முழுவதையும் அதற்கே கொடுக்கிறேன்.

விஷயம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். குணா 1991 தீபாவளிக்கு வந்தது. அதே நாளில் வந்த தளபதியின் ஆரவாரத்தில் அது அமுங்கிப்போனது. வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, கமல்ஹாசனும் எஸ். ஜானகியும் பாடிய அந்தப் பாட்டு மட்டும் நின்றது. 2024 பெப்ரவரியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் அதைக் குகைக் காட்சியில் வைத்ததும், குணா வந்தபோது பிறந்திராத பிள்ளைகள் தியேட்டரில் கூடச் சேர்ந்து பாடினார்கள். கொட்டகலையில் ஸ்கூல் பஸ்ஸில் போகிற பையன் தன் அப்பா கேட்ட பாட்டைத் தன் பாட்டாக முணுமுணுக்கிறான். இது லாபம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பட்டியலில் கிடைக்கும் இடம் வேறு விஷயம். அதை யார் எண்ணுகிறார்கள், எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மதிக்க வேண்டும்.

பாட்டுகளுக்கு வரிசை எண் கொடுத்து வாரா வாரம் சொல்லும் வழக்கத்தை இந்தியாவின் வீடுகளுக்குள் கொண்டுபோனதே நம் கொழும்புதான். 1952 டிசம்பரில் இலங்கை வானொலியில் ‘பினாக்கா கீத்மாலா’ என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. அறிவிப்பாளர் அமீன் சயானி பம்பாயில் பேசிப் பதிவுசெய்வார், ஒலிநாடா கொழும்புக்கு வரும், இங்கிருந்து சிற்றலையில் இந்தியா முழுவதும் போகும். அப்போது இந்திய ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்திருந்தார். அந்த இடைவெளியில்தான் கொழும்பு வளர்ந்தது. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையையும் நேயர் மன்றங்களின் கடிதங்களையும் வைத்துப் பாட்டுகளுக்கு இடம் கொடுத்தார்கள். பீகாரில் மைக்கா சுரங்கத் தொழிலாளர்களின் ஊரான ஜும்ரி தலையா, அஞ்சலட்டை எழுதி எழுதியே நாடறிந்த ஊராயிற்று. இன்று அது ஜார்க்கண்டில் இருக்கிறது. அந்த ஊரை நினைத்தால் எனக்கு நம் தேயிலைத் தோட்டங்கள்தான் நினைவுக்கு வரும். கையில் காசு இல்லாத உழைப்பாளிக்கு ஓர் அஞ்சலட்டையாவது ஓட்டாக இருந்தது.

தமிழ்ச் சேவையில் ‘நீங்கள் கேட்டவை’யும் ‘பொங்கும் பூம்புனலும்’ அப்படித்தான் இங்கே இறங்கின. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று நீளும் அந்தக் குரல்களை இந்தப் பக்கத்தில் தெரியாத வீடு இல்லை. விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களோடு ஊர்ப் பெயர்களையும் வாசிப்பார்கள். தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் கொழும்பிலிருந்து காற்றில் வந்து விழும்போது தோட்டத்து லய வரிசையே எழுந்து நிற்கும். அந்த நாளில் ஒரு லயத்துக்கு ஒரு ரேடியோ இருந்தால் பெரிது. திண்ணையில் வைத்துத் திருகினால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லாக் காம்பராவுக்கும் கேட்கும். கேட்டவர்கள் ஐம்பது பேர் இருப்பார்கள். இசைத்தட்டு வாங்கியவர் ஒருவரும் இல்லை. விற்பனைக் கணக்கில் திம்புள்ளைப் பள்ளத்தாக்கு முழுவதும் வெறும் பூச்சியம்.

இன்றைக்கும் கணக்கு அப்படித்தான் நடக்கிறது. ஹட்டன் பஸ்ஸில் சாரதி தன் கைப்பேசியிலிருந்து ஒரு பழைய பாட்டைப் போடுகிறார். பஸ் நிறைய ஆள். யூடியூப்புக்கு அது ஒரு பார்வை. கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர் கட்டி மலை முழுக்கக் கேட்கப் போட்டாலும் அதே ஒன்றுதான். ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்ததே 2021இல். அதற்கு முன் இங்கே கேட்டது எதுவும் அதன் பட்டியலில் ஏறவில்லை.

வெளியுலகத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கேட் புஷ் 1985இல் பாடிய ‘ரன்னிங் அப் தட் ஹில்’ அன்று பிரித்தானியப் பட்டியலில் 3ஆம் இடம் வரை போனது. 2022இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் வந்ததும் மறுபடி ஏறியது. அங்கே பழைய பாட்டுகளுக்குத் தனி விதி இருக்கிறது. புதிய பாட்டை 100 முறை காசு கட்டிக் கேட்டால் ஒரு விற்பனை என்று கணக்கு. பழைய பாட்டானால் 200 முறை கேட்க வேண்டும். புதியவர்களுக்கு இடம் விட வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆக பழைய பாட்டைக் கேட்பதற்குப் பாதி மதிப்பு. கடைசியில் பட்டியல் நிறுவனமே அந்தப் பாட்டுக்கு மட்டும் விதியைத் தளர்த்தியது. 2022 ஜூனில், 37 வருஷம் கழித்து, அது முதலிடத்துக்கு வந்தது. கேட்டவர்கள் மாறவில்லை, பாட்டும் மாறவில்லை. விதி மாறியது, இடமும் மாறியது. அமெரிக்காவில் பிரெண்டா லீ 1958இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் பாட்டு 2023 டிசம்பரில் முதலிடம் பிடித்தது. அதே நாட்டில் மக்கள் கேட்கும் இசையில் 70 சதவீதத்துக்கும் மேல், வெளியாகி 18 மாதம் தாண்டிய பாட்டுகள்தான். பழைய பாட்டு பட்டியலுக்காகக் காத்திருக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நம் பக்கத்திலேயே, சரிகம நிறுவனம் 2017இல் பழைய ரேடியோப் பெட்டி வடிவில் ‘கேரவான்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. உள்ளே ஆயிரக்கணக்கான பழைய பாட்டுகள். தமிழுக்கும் ஒரு பெட்டி வந்தது. எந்த வாரப் பட்டியலும் அதை விற்றுக் கொடுக்கவில்லை.

அப்படியானால் இடம் பிடிப்பதே வீணா? பாட்டுக்கு அது வேண்டியதில்லை என்றுதான் நான் சொல்வேன். பாட்டைச் செய்தவர்களுக்கு அது வேண்டும். பழைய பாட்டு ஏறும்போது பணம் நகர்கிறது. அந்தப் பணம் எந்த வீட்டுக்குப் போகிறது என்பதை, பாட்டின் உரிமை யார் பெயரில் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. கேட் புஷ் தன் பதிவுகளின் உரிமையைத் தன்னிடமே வைத்திருந்தார், அதனால் அவருக்குப் பலன் கிடைத்தது. மஞ்ஞும்மல் பாய்ஸ் ஓடிய அதே ஆண்டு மே மாதம் இளையராஜா தயாரிப்பாளர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். பேராசை என்று ஏசினார்கள். நான் அவர் பக்கம். தான் செய்த வேலை இன்னொருவருக்குச் சம்பாதித்துக் கொடுக்கும்போது தன் பங்கைக் கேட்பவனை ஏசுவதற்கு, கூலிக்காகத் தலைமுறை தலைமுறையாகப் போராடிய இந்த மலையில் யாருக்கும் வாய் வரக்கூடாது. இந்தியாவில் 2012இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமை உறுதியானது. ஆனாலும் பட்டியலில் பாடகர் பெயரும் படத்தின் பெயரும்தான் பெரிதாகத் தெரிகின்றன. வாலியின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டும். கொழும்பு ஏலத்தில் தேயிலைக்கு விலை கூறும்போது தோட்டத்தின் பெயர் வரும், கொழுந்து பறித்தவளின் பெயர் வராது. அதே கதை.

நம் நாட்டுப் பாட்டுகளில் ‘சுராங்கனி’யை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கள பைலாவிலிருந்து கிளம்பி, 70களில் ஏ.ஈ. மனோகரன் குரலில் சிங்களமும் தமிழும் கலந்து கடல் தாண்டிப் போனது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் மலேசியா வாசுதேவன் அதைப் பாடினார். 2018 ஜனவரியில் மனோகரன் சென்னையில் காலமானார். பாட்டு இன்னும் கல்யாண வீடுகளில் ஆடிக்கொண்டிருக்கிறது. ஆடுகிறவர்களிடம் யார் பாட்டு என்று கேட்டுப் பாருங்கள், சொல்பவர்கள் குறைவு.

இதற்கும் முந்திய ஒரு கதை ஹட்டனுக்குச் சொந்தம். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற சிறு நூலில் தம் பாட்டுகளை வெளியிட்டார். ஜனங்களுக்கு ஏற்கெனவே பழகிய மெட்டுகளில் தொழிலாளியின் கஷ்டத்தை எழுதி, கூட்டங்களில் தாமே பாடினார். அவற்றுக்கு இசைத்தட்டு இல்லை, வானொலி இல்லை. அந்தப் பாட்டுகள் இன்று நம் கைக்கு வந்திருப்பது சாரல்நாடன் போன்ற எழுத்தாளர்கள் தேடி எடுத்து எழுதியதால்தான். மடக்கும்புரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளையும் அப்படித்தான் தோட்டம் தோட்டமாகக் கேட்டு ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ தொகுத்துத் தந்தார். பழைய பாட்டு திரும்ப வருவது என்றால் எனக்கு முதலில் இவைதான். இலட்சம் பார்வை வந்தாலும் வராவிட்டாலும் இவற்றுக்கு மதிப்பு ஒன்றுதான். ஆனால் நாளைக்கு ஓர் இளைஞன் இவற்றில் ஒன்றை ராப் சேர்த்து யூடியூப்பில் போட்டு அது ஏறினால், கீழே மீனாட்சி அம்மாள் பெயர் இருக்க வேண்டும். வேலுப்பிள்ளை தொகுத்தது என்று இருக்க வேண்டும். ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் அதை நான் களவு என்றே சொல்வேன்.

ஆகவே தலவாக்கலை வாசகருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில் காமன் கூத்திலோ, தாலாட்டிலோ, சங்கக் கூட்டத்திலோ பாடிய பாட்டு நினைவிலிருந்தால் எழுதி அனுப்புங்கள். பாட்டோடு அதைக் கட்டியவர் பெயர், பாடியவர் பெயர், தோட்டம், பிரிவு எல்லாவற்றையும் எழுதுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பெயரோடு வரும் பாட்டுகளை இந்தத் தொடரில் பெயரோடே வெளியிடுவோம்.

(தொடரும்)