ஐந்தாவது சில்லு: காட்டுப்பாதை வாகனத்துக்கு ஏற்ற மேலதிக ரயரைத் தெரிவுசெய்தல்

(மாதிரி விளக்கக் கட்டுரை)



விளக்கக் கட்டுரை எழுதும்போது பலர் விடும் தவறு ஒன்று உண்டு. எடுத்துக்கொண்ட பொருளின் பெருமையைப் பேசுகின்றார்களே தவிர, அது எவ்வாறு பயன்படுகின்றது, பிழைத்தால் என்ன நடக்கும் என்பவற்றைச் சொல்வதில்லை. இங்கே எல்லோரும் பார்த்த, ஆனால் பெரும்பாலும் எவரும் கவனிக்காத ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். ஜீப் வண்டியின் பின்கதவில் தொங்கும் மேலதிகச் சில்லே அது.

1. ஒரு சம்பவம்

சில வருடங்களுக்கு முன் எமது வகுப்பு மாணவர்களுடன் வில்பத்து தேசிய பூங்காவுக்குச் சென்றிருந்தோம். 1938 ஆம் ஆண்டு தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட இக்காடு 1,300 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பரப்புடையது. பிற்பகலில் எமது வாடகை ஜீப்பின் முன் ரயர் ஒன்றை மரக்கட்டையொன்று பக்கவாட்டில் கிழித்துவிட்டது. சாரதி கவலைப்படவில்லை. பின்னாலிருந்த மேலதிகச் சில்லு புத்தம் புதியதாகப் பளபளத்தது. அதைக் கழற்றி உருட்டிவந்து அச்சில் வைத்தபோதுதான் உண்மை தெரிந்தது. வண்டியில் சில்லைப் பொருத்தும் ஆணிகள் ஐந்து. சில்லில் இருந்த துளைகள் ஆறு! வேறொரு வாகனத்தின் சில்லை யாரோ மாட்டிவைத்திருந்தார்கள்.

முதலில் மாணவர்கள் சிரித்தார்கள். அரை மணித்தியாலத்தின் பின் யாரும் சிரிக்கவில்லை. யானையும் கரடியும் சிறுத்தையும் உலாவும் காடு. குறித்த இடங்கள் தவிர்ந்த வேறெங்கும் வாகனத்தைவிட்டு இறங்கக்கூடாது என்பது விதி. தண்ணீர்ப் போத்தல்கள் காலியாகிவிட்டன. மாலைக்குள் வாயிலைக் கடந்தாக வேண்டும். வெயில் தாழ்ந்த நேரத்தில் அவ்வழியே வந்த இன்னொரு ஜீப்பின் சாரதி, தனது மேலதிகச் சில்லைக் கழற்றித் தந்தார். அதற்கு ஐந்து துளைகள் இருந்தன. அன்று எங்களைக் கரைசேர்த்தது பிறருடைய சரியான சில்லுதான்.

இச்சம்பவம் உணர்த்துவது யாது? மேலதிகச் சில்லு இருப்பது மட்டும் போதாது; அது பொருத்தமானதாக இருத்தல் வேண்டும்.

2. மேலதிகச் சில்லு தோன்றிய விதம்

ஆரம்பகால மோட்டார் வாகனங்களில் மேலதிகச் சில்லு இருக்கவில்லை. ரயர் வெடித்தால் சாரதி வீதியோரத்தில் அமர்ந்து அதனைக் கழற்றி ஒட்டவேண்டியிருந்தது. 1904 ஆம் ஆண்டளவில் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரிலே, ஸ்டெப்னி வீதியில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் இதற்கொரு வழி கண்டார்கள். காற்றடித்த ரயருடன் கூடிய, ஆரைக்கம்பிகள் இல்லாத ஒரு வளையத்தைப் பழுதடைந்த சில்லின்மீது கவ்விப் பூட்டுவதே அது. அவ்வீதியின் பெயராலேயே இந்தியாவில் இன்றும் மேலதிகச் சில்லை 'ஸ்டெப்னி' என்கின்றனர்.

3. காட்டுப்பாதைக்கு ஏன் விசேட கவனம்?

தார் வீதியில் பெரும்பாலும் ஆணி குத்தியே காற்றுப் போகின்றது. அத்துளையை ஒட்டிவிடலாம். காட்டுப்பாதையிலோ கூரிய கல்லும் மரக்கட்டையும் ரயரின் பக்கச்சுவரைக் கிழிக்கின்றன. பக்கச்சுவர் ஓடும்போது இடைவிடாது வளைந்து நிமிரும் பகுதியாகும். எனவே அங்கு ஏற்பட்ட கிழிசலை ஒட்டிப் பாதுகாப்பாக ஓட முடியாது, சில்லையே மாற்றவேண்டும்.

சில கார்களில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒடுங்கிய தற்காலிகச் சில்லு வைக்கப்படுகின்றது. பொதுவாக மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற்படாத வேகத்தில், அடுத்த ரயர் கடை வரை செல்வதற்கே அது உரியது. மணலில் அது புதையும், கல்லில் அடிபடும். காட்டுப்பாதை வாகனத்துக்கு ஏனைய நான்கையும் ஒத்த முழு அளவுச் சில்லே வேண்டும்.

4. ரயரில் எழுதப்பட்டிருப்பதை வாசித்தல்

உதாரணம்: 265/70 ஆர் 16 112 எஸ்

265 – ரயரின் அகலம், மில்லிமீற்றரில்.
70 – பக்கச்சுவரின் உயரம் அகலத்தின் 70 சதவீதம்.
ஆர் – உள்ளே நார்கள் ஆரை வழியே அமைந்த 'ரேடியல்' ரயர்.
16 – றிம்மின் விட்டம், அங்குலத்தில்.
112 – சுமைச் சுட்டெண். ஒரு ரயர் 1,120 கிலோகிராம் வரை தாங்கும்.
எஸ் – வேகக் குறியீடு. உச்ச வேகம் மணிக்கு 180 கிலோமீற்றர்.

சுமைச் சுட்டெண் 100 எனின் 800 கிலோகிராம்; 104 எனின் 900; 108 எனின் 1,000. மேலதிக ரயரின் சுட்டெண் வாகனத்துக்கு விதிக்கப்பட்ட சுட்டெண்ணிலும் குறையக்கூடாது. "வண்டியின் நிறையை நான்கால் வகுத்தால் போதுமே" என்று சிலர் நினைக்கக்கூடும். வண்டி பள்ளத்தில் சரியும்போது நிறை நான்கு சில்லுகளுக்கும் சமமாகப் பகிரப்படுவதில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

5. அளவு மாறினால் என்ன?

கணித பாடத்தில் படித்ததை இங்கே பயன்படுத்துவோம்.

265/70 ஆர் 16 ரயரின் பக்கச்சுவர் உயரம் = 265 × 0.70 = 185.5 மி.மீ.
றிம்மின் விட்டம் = 16 × 25.4 = 406.4 மி.மீ.
முழு விட்டம் = 406.4 + (2 × 185.5) = 777.4 மி.மீ.
பரிதி = 3.14 × 777.4 = ஏறத்தாழ 2,441 மி.மீ.

இதே றிம்மில் பொருந்தும் 245/70 ஆர் 16 ரயரை எடுத்தால் விட்டம் 749.4 மி.மீ.; பரிதி ஏறத்தாழ 2,353 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஒரு கிலோமீற்றர் ஓடும்போது பெரிய ரயர் ஏறத்தாழ 410 தடவையும் சிறியது 425 தடவையும் சுழலும். 20 கிலோமீற்றர் ஓடினால் வித்தியாசம் 300 சுற்றுகள்.

இந்த வித்தியாசம் எங்கே போகின்றது? ஓர் அச்சின் இரு சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல 'டிபரன்ஷியல்' என்னும் பல்லிணை அமைப்பு இடமளிக்கின்றது. அது வளைவில் திரும்புகையில் சிறிது நேரம் இயங்குவதற்கே அமைந்தது. அளவு மாறிய சில்லைப் பூட்டினால் நேர்ப்பாதையிலும் ஓயாது இயங்கிச் சூடேறித் தேய்கின்றது.

நாற்சில்லு இயக்கத்தில் சிக்கல் இன்னும் பெரிது. பழைய ஜீப்புகள் பலவற்றில் அவ்வியக்கத்தை இட்டவுடன் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலுமாறு பூட்டப்படுகின்றன. சிறிய சில்லைக் கொண்ட அச்சோ வேகமாகச் சுழல முயலும். மணலிலும் சேற்றிலும் சில்லு வழுக்கி அந்த இழுபறியைத் தீர்த்துக்கொள்ளும். இறுகிய தரையில் வழுக்க முடியாது, பல்லிணைகள் முறுகும்.

கவனிக்க: வேறு வழியின்றி அளவு மாறிய சில்லைப் பூட்ட நேர்ந்தால், பின்சில்லுகளால் இயங்கும் ஜீப்பில் அதனை முன்பக்கத்திலே பூட்டுக. பின் ரயர் பழுதடைந்திருந்தால் முன்பக்கத்துச் சில்லொன்றைப் பின்னுக்கு மாற்றிவிட்டு, வேற்றுச் சில்லை முன்னுக்குப் பூட்டுக. வேலை இரண்டு மடங்கு. ஆயினும் டிபரன்ஷியல் தப்பும். நாற்சில்லு இயக்கத்தை இடாமல் மெதுவாக ஓட்டி, கூடிய விரைவில் சரியான ரயரை இடுதல் வேண்டும்.

6. றிம்மின் பொருத்தம்

ரயர் சரியாயினும் றிம் பிழையானால் பயனில்லை. ஆணித் துளைகளின் எண்ணிக்கை, அத்துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், நடுத்துளையின் அளவு, றிம் உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் அளவு ஆகிய நான்கும் ஒத்திருத்தல் வேண்டும். டொயோட்டா ஹைலக்ஸ் நாற்சில்லு இயக்க வண்டியில் ஆறு ஆணிகள். பழைய லான்ட் றோவர் டிபென்டரில் ஐந்து. வாங்கும் நாளிலேயே ஒரு தடவை பூட்டிப் பார்த்துவிட்டால் காட்டில் ஏமாற்றம் இல்லை.

7. பூ வகை

ரயரின் பூவை மூவகையாகப் பிரிப்பர். எச்.ரி. எனப்படுவது தார் வீதிக்குரியது. எம்.ரி. எனப்படுவது ஆழமான கட்டைப்பூவுடன் சேற்றுக்குரியது. தார் வீதியில் இரைச்சல் அதிகம். ஏ.ரி. இவ்விரண்டுக்கும் நடுவிலானது. ஏனைய நான்கும் எவ்வகையோ ஐந்தாவதும் அவ்வகையாதல் நன்று. சேற்றில் ஒரு சில்லு மாத்திரம் பிடியிழந்தால் வண்டி ஒருபக்கமாக இழுபடும்.

8. புதியதுபோல் தோன்றும் பழையது

ஓடாத ரயர் தேயாது, ஆனால் முதுமையடையும். வெப்பமும் ஓசோனும் ஊதாக் கடந்த கதிர்களும் இறப்பரை வறளச்செய்து வெடிப்புகளை ஏற்படுத்துகின்றன. பின்கதவில் தொங்கும் சில்லு நாள்தோறும் வெயில் காய்கின்றது. எனவே பூவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கங்களில் உற்பத்தித் திகதி உண்டு. 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் என்பது பொருள். ஐந்தாறு வருடங்கள் கடந்த ரயரை வருடந்தோறும் பரிசோதித்தல் வேண்டும். பத்து வருடங்கள் கடந்ததைப் பூ நிறைந்திருந்தாலும் பாவிக்கலாகாது.

இதற்கு நல்லதொரு பரிகாரம் உண்டு. ஏறத்தாழ 10,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஐந்து சில்லுகளையும் முறைமாற்றிப் பூட்டினால் ஐந்தும் சமமாகத் தேயும். இல்லையேல், 10 மி.மீ. பூவுள்ள மேலதிக ரயருக்கும் 4 மி.மீ. ஆகத் தேய்ந்த மற்றையவற்றுக்கும் விட்டத்தில் 12 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். அளவு ஒன்றாயிருந்தும் ஐந்தாம் பகுதியில் கண்ட சிக்கல் சிறிதளவில் இங்கும் தோன்றும்.

9. வைக்கும் இடமும் பராமரிப்பும்

இவ்வகைச் சில்லொன்று றிம்முடன் 30 கிலோகிராம் அளவு நிறையுடையது. கூரையில் ஏற்றினால் வண்டியின் ஈர்ப்பு மையம் உயர்ந்து, சரிவில் கவிழும் அபாயம் கூடும். அடிப்பகுதியில் தொங்கவிட்டால் சேறு படியும்; வண்டி புதைந்தால் எடுக்க முடியாது. பின்கதவில் வைத்தால் எடுப்பது இலகு. பிணைச்சல்கள் உறுதியாயிருத்தல் வேண்டும்.

மாதம் ஒரு தடவை காற்றின் அமுக்கத்தை அளக்க வேண்டும். விதிக்கப்பட்ட அளவைவிடச் சற்றுக் கூடுதலாக அடித்துவைத்தல் நன்று. கூடியதைக் குறைக்கலாம், குறைந்ததைக் காட்டில் நிரப்ப முடியாது. ஜக், சில்லுத் திறப்பு, மணலில் ஜக்கின் கீழ் வைக்கத் தடித்த பலகை ஆகியவையும் உடனிருத்தல் வேண்டும்.

10. தொகுப்புரை

அளவு, சுமைச் சுட்டெண், றிம், பூ, வயது, அமுக்கம் ஆகிய ஆறும் சரியாயின் அதுவே பொருத்தமான மேலதிகச் சில்லு. ஆறில் ஒன்று பிழைத்தாலும் வண்டி சுமப்பது சில்லையன்று, வீண்பாரத்தையே. மாணவர்களே, பரீட்சைக்குச் செல்லும்போது மேலதிகப் பேனை கொண்டுசெல்கின்றீர்கள். அதனை வீட்டிலேயே எழுதிப் பார்த்தீர்களா?

பயிற்சி

1. பக்கச்சுவர் கிழிந்த ரயரை ஒட்டிப் பயன்படுத்தலாகாது. ஏன்?
2. 235/75 ஆர் 15 ரயரின் முழு விட்டத்தைக் காண்க. 31 அங்குல விட்டமும் 15 அங்குல றிம்மும் உடைய ரயர் அதற்கு மேலதிகமாகப் பொருந்துமா?
(விடை: 733.5 மி.மீ.; மற்றையது 787.4 மி.மீ. றிம்மின் விட்டம் ஒத்திருப்பினும் ரயர் பொருந்தாது.)
3. உமது வீட்டில் அல்லது அயலில் உள்ள வாகனமொன்றின் மேலதிகச் சில்லைப் பரிசோதித்து, நீர் கண்டவற்றை 150 சொற்களில் விளக்குக.