மருந்துவாழ் மலையில் ஒரு தவ இல்லம்

மயிலாடிச் சிற்பியர் செதுக்கிய தெய்வத் திருமேனிகள் கடல் கடந்தும் எழுந்தருளியுள்ளன. அயல்நாடுகளில் வாழும் அன்பர்கள் நண்பர்களாகச் சேர்ந்து விடுமுறையில் ஊர் வரும்போது, மயிலாடிச் சிற்பக்கூடங்களோடு நின்றுவிடாமல், அருகிலுள்ள மருந்துவாழ் மலைக்கும் ஒரு நாளை ஒதுக்க வேண்டும். அனுமன் சுமந்து சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டே இம்மலை என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை.

இங்குள்ள பிள்ளைத்தடம் குகையே ஸ்ரீநாராயண குருவுக்குத் தவக்கால இல்லமாக விளங்கியது. பாறையே கூரை, பாறையே படுக்கை. அங்குத் தவமிருந்தவரே பின்னர் 1888-இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவி, ஆலயக் கதவுகள் அடைக்கப்பட்டிருந்த மக்களுக்கு வழிபாட்டின் வாயிலைத் திறந்தார்.

காலையில் குமரிமுனையில் சூரியோதயம், நண்பகலில் மலை என்று பலர் திட்டமிடுவர். அது வேண்டாம், வெயிலில் பாறை சுடும், பாதியிலேயே திரும்ப நேரும். பொழுது புலரும்போதே ஏறத் தொடங்குங்கள், குடிநீரை மறவாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு உடனே இறங்குவதற்காகவா இத்தனை தொலைவு வந்தீர்கள்? குகையில் சற்று நேரம் மௌனமாக அமருங்கள்.

முதிய பெற்றோரை ஏறுமாறு வற்புறுத்த வேண்டாம். அவர்களைச் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். மலையைச் சுமந்த அனுமன் அங்கே 18 அடி உயரத் திருமேனியராய்க் காட்சி தருகிறார்.