விளையாட்டு வீரரும் படைக்கழகத் தேகத் தகுதிப் பரீட்சையும்

விளையாட்டில் வல்லவனாய் விளங்கும் மாணவன் எத்தகைய தேகத் தகுதிப் பரீட்சையிலும் எளிதிற் சித்தியடைவான் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். மைதானத்தில் ஒன்றரை மணி நேரம் சளைக்காது ஓடியாடும் இளைஞன் ஒருவன், சட்டத்தைப் பற்றித் தொங்கித் தன் உடலை மோவாய் மட்டும் ஆறு முறை உயர்த்த மாட்டாமல் இறங்கிவிடுகிறான் என்றால் நம்புதற்கு அரிதாகவே தோன்றும். ஆயினும் உடற்பயிற்சி ஆசிரியர்கள் இதனை அடிக்கடி காண்கின்றனர். இதன் காரணத்தையும், பாடசாலை விளையாட்டைக் கைவிடாமலே இக்குறையை நீக்கும் வகையையும் ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

எடுத்துக்காட்டாக யாம் கொள்வது அமெரிக்க ஐக்கிய நாட்டுப் படைக்கழகங்களின் அனுமதிப் பரீட்சையாகும். நம் பழைய மாணவர் பலர் இன்று கடல் கடந்த நாடுகளில் வாழ்கின்றனர். அவர்தம் மக்களிற் சிலர் அந்நாட்டு உயர்நிலைப் பாடசாலைகளிற் பயில்கின்றனர். போர்த்தொழிலின் நன்மை தீமைகளை ஆராய்தல் எம் நோக்கமன்று. அது பிள்ளைகளும் பெற்றோரும் தமக்குள் ஆய்ந்து முடிவு செய்யவேண்டியதொன்று. தேகத்தைப் பழக்கும் முறையோ எந்நாட்டு மாணவர்க்கும் பொதுவானது.

1802ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற வெஸ்ற் பொயின்ற் தரைப்படைக் கழகம், 1845இல் எழுந்த அனாப்பொலிஸ் கடற்படைக் கழகம், 1954இல் உருவான விமானப்படைக் கழகம் என்னும் மூன்றும் இவற்றுட் பெயர் பெற்றவை. 1976ஆம் ஆண்டு முதற் பெண்களும் இவற்றிற் சேர்க்கப்படுகின்றனர். கல்வித் தேர்ச்சி, சட்டசபை உறுப்பினர் முதலியோரின் நியமனம், வைத்தியப் பரிசோதனை, தேகத் தகுதி ஆகிய யாவும் அங்கே நோக்கப்படும். பல்லாண்டுகளாக இம்மூன்றுக்கும் பொதுவாக நடைபெற்றுவந்த தேகத் தகுதிப் பரீட்சை ஆறு அங்கங்களை உடையது: முழந்தாளில் நின்று கூடைப்பந்தை ஒரு கையால் எறிதல், சட்டத்தைப் பற்றி உடலை மேலே இழுத்தல், முப்பது அடி இடைவெளியில் திரும்பித் திரும்பி நாற்பது யார் ஓடுதல், ஒரு நிமிடம் மல்லாந்து கிடந்து எழுதல், ஒரு நிமிடம் தண்டால் எடுத்தல், இறுதியில் ஒரு மைல் ஓட்டம். இவை இதே வரிசையில், சிறு சிறு இடைவேளைகளோடு, ஒரே அமர்வில் நிகழ்வன. ஆண்களுக்கு முழுப் புள்ளி பெறுதற்கு உடலை 18 முறை மேலே இழுத்தலும், தண்டால் 75 எடுத்தலும், மைலை 5 நிமிடம் 20 செக்கனில் ஓடி முடித்தலும் வேண்டும் என்பது நெடுங்காலம் வழக்கிலிருந்த அளவு. விதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதும் உண்டு. ஆதலின் விண்ணப்பிப்போர் அவ்வவ்வாண்டுக்குரிய அறிவித்தலையே பின்பற்றுதல் வேண்டும்.

இனி, விளையாட்டு வீரர் இதில் இடறுவது ஏன்? உடல் தான் பழகிய தொழிலையே நன்கு செய்யும், பழகாததைச் செய்யாது. நெடுந்தூர ஓட்டக்காரனுக்கு மைல் ஓட்டம் விளையாட்டாக இருக்கும். அவன் மெலிந்த தோள்களோ தண்டாலில் முப்பதைத் தாண்டுமுன் நடுங்கத் தொடங்கும். நீச்சல்காரனுக்கு முதுகும் புயமும் திடமானவை. ஆனால் நீர் தாங்கப் பழகிய அவன் கால்கள், கடுந்தரையில் ஓடிய முதல் வாரத்திலேயே முன்காலெலும்பு நோவக் கண்டு திகைக்கும். அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று பெயரிட்டு, பெரும்பாலும் கையாலேயே ஆடும் ஆட்டத்தில் (பெயர்ப் பொருத்தத்தை அவர்களிடமே கேட்டுக்கொள்க) முன்வரிசையில் நிற்பவன், எதிரியைத் தள்ளும் பொருட்டு உண்டு பருத்து 250 இறாத்தலுக்கு மேல் நிறை உடையவனாய் இருப்பான். அவனுடைய வலிமை பெரிது. எனினும் சட்டத்தில் தொங்கும்போது அவன் தூக்கவேண்டிய சுமையும் அவன் உடலேயன்றோ! கூடைப்பந்தாட்ட வீரன்கூட, கால்களின் உந்துதல் இன்றி முழந்தாளில் நின்று எறியும்போது, தன் கைவீச்சு எத்துணைக் குறுகியது என்பதை அன்றுதான் அறிவான்.

ஆகவே முதற்கண் செய்யத்தக்கது, விண்ணப்பத்துக்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே முழுப் பரீட்சையையும் ஒருமுறை வரிசைப்படி செய்து பார்த்தல். ஆறனுள் எவ்விரண்டு மெலிந்தவை என்பது அன்றே தெரிந்துவிடும். ஏனைய நான்கையும் விளையாட்டே காத்துக்கொள்ளும். மெலிந்த இரண்டுக்கு மாத்திரம் தனிப் பயிற்சி வேண்டும். ஆறனையும் நாள்தோறும் செய்து களைத்துப்போகும் மாணவரே பெரும்பான்மையோர்.

அடுத்தது காலம். அமெரிக்கப் பாடசாலைகளில் இலையுதிர் காலம், மாரி, வசந்தம் என மூன்று விளையாட்டுப் பருவங்கள் உண்டு. மூன்றிலும் ஆடும் மாணவருக்கு ஓய்வான மாதங்கள் யூனும் யூலையுமே. நம் நாட்டிலும் இல்ல மெய்வல்லுநர் போட்டியும் துடுப்பாட்டப் பெரும் போட்டியும் ஆண்டின் முற்பகுதியில் ஒன்றையொன்று நெருங்கி வருதலை அறிந்தவர்கள் இந்நெருக்கடியை எளிதில் உணர்வர். ஓய்வு மாதங்களே வலிமையைக் கட்டும் காலம். போட்டிப் பருவமோ கட்டியதைக் காக்கும் காலம். இவ்விரண்டையும் மயக்குதலே பெருந்தவறு. நற்செய்தி யாதெனில், கட்டுதற்கு வேண்டிய உழைப்பிலும் காத்தற்கு வேண்டியது மிகக் குறைவு. பயிற்சியின் கடுமையைக் குறைக்காமல் நாட்களை மாத்திரம் குறைத்தால், வாரத்தில் ஓரிரு முறைப் பயிற்சியே பெற்ற வலிமையைப் பல வாரங்கள் நிலைநிறுத்தப் போதுமானது என்பது ஆராய்ச்சியாற் கண்ட உண்மை. எனவே பருவ காலத்தில் வாரம் இருமுறை, இருபது நிமிடம், அதுவும் போட்டிக்கு முதல் நாளைத் தவிர்த்து, செய்தால் அமையும்.

வலிமையைக் கட்டும் முறைக்கு வழிகாட்டியவரும் ஒரு படை வைத்தியரே. இரண்டாம் உலகப் போரிற் காயமுற்ற வீரரின் கால்களைத் திடப்படுத்துதற்கு, சுமையைப் படிப்படியாக ஏற்றும் முறையை அமெரிக்க வைத்தியர் தோமஸ் டிலோம் 1945ஆம் ஆண்டில் எடுத்து விளக்கினார். அம்முறை இங்கும் பொருந்தும். சட்டத்தில் ஐந்து முறையே உயரக் கூடியவன் தினமும் கைசோரும் வரை முயல்வதால் ஆறாவதை அடையான். மூன்று மூன்றாக, இடைவிட்டு, ஆறு ஏழு தடவை செய்து, வாரந்தோறும் ஒன்றைக் கூட்டிச் செல்பவனே அடைவான். ஒருமுறையேனும் உயர முடியாதவன் நாற்காலியின் மேல் ஏறிச் சட்டத்தைப் பற்றி, மெல்ல மெல்லக் கீழிறங்கிப் பழகலாம். இறங்கும்போதும் அதே தசைநார்களே தொழிற்படும்.

ஓய்வு பற்றிச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். இளைஞர் நம்ப மறுப்பது இதனையே. 1954ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி நான்கு நிமிடத்துக்குள் மைலை முதன்முதல் ஓடி முடித்த றோஜர் பானிஸ்ரர், அக்காலத்தில் வைத்தியக் கல்லூரி மாணவர். படிப்பின் நடுவே மதிய இடைவேளையிலேதான் பயிற்சி செய்து வந்தார். கால்மைல் ஓட்டம் பத்தினை, இரு நிமிட இடைவேளை விட்டு, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்திற் குறைய ஓடுதல் அவரது நோக்கம். அவ்வாண்டு வசந்தத்தில் 61 செக்கனுக்குக் கீழே அவராலும் தோழர்களாலும் இறங்க முடியவில்லை. அவர் மேலும் கடுமையாக ஓடினாரல்லர். கிறிஸ் பிறாஷர் என்னும் தோழரோடு ஸ்கொற்லாந்துக்குச் சென்று சில நாள் மலையேறித் திரிந்தார். திரும்பிவந்து ஓடியபோது நேரம் 59 செக்கனாயிற்று! பதின்மூன்று முதற் பதினெட்டு வயதினர்க்கு நாளொன்றுக்கு எட்டு முதற் பத்து மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க வைத்தியக் கழகத்தினர் 2016இல் வெளியிட்ட விதந்துரையையும் இதனோடு சேர்த்து எண்ணுக. வைகறை நான்கு மணிக்கு எழுந்து ஓடி, மாலையிற் குழுவோடு ஆடி, நள்ளிரவு வரை படிக்கும் பிள்ளையைக் கண்டு பெற்றோர் பெருமைப்படுதல் எமக்கு உடன்பாடன்று.

ஓய்வின்மையால் விளைவது சோர்வு மாத்திரமன்று. நெடுநடை நடந்த படைவீரரின் பாதங்கள் நோவோடு வீங்குதலைப் பிரசிய நாட்டுப் படை வைத்தியர் பிறைற்ஹோப்ற் 1855ஆம் ஆண்டிலேயே குறித்துவைத்தார். தொடர்ந்த அழுத்தத்தால் எலும்பில் நுண்ணிய வெடிப்புத் தோன்றுதலே அதற்குக் காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. குழுப் பயிற்சியின் மேல் தனி ஓட்டத்தையும் திடீரென ஏற்றுவோர்க்கு இன்றும் அதுவே நேர்கின்றது. படைக்கழக விண்ணப்பகாரர்க்கு இது இருமடங்கு இழப்பு. ஏனெனில் எலும்பு முறிவும் முழங்கால் நாரில் செய்த சத்திர சிகிச்சையும் வைத்தியப் பரிசோதனையில் நுணுகி ஆராயப்படும். பிற்காலத்தில் அமெரிக்க சனாதிபதியாகிய ஐசனோவர், வெஸ்ற் பொயின்றில் மாணவராயிருந்தபோது 1912இல் ஆட்டத்தில் முழங்காலை முறித்துக்கொண்டார். 1915இல் அவர் கல்வி முடித்த வேளை, அக்காலின் பொருட்டு அதிகாரி பதவியே கிட்டாது போகுமோ என்னும் நிலை உண்டாயிற்று. மல்யுத்த வீரர்க்கு வேறோர் அபாயம் உண்டு. நிறைப் பிரிவுக்காக உடலின் நீரை வற்றச் செய்து 1997ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டுக் கல்லூரி மல்லர் மூவர் உயிர் துறந்தனர். அதன் பின்னரே விதிகள் இறுக்கப்பட்டன. நிறை குறைத்த வாரத்திற் பரீட்சைக்குச் செல்லுதல் ஒருபோதும் ஆகாது.

இவ்வளவு இடர் உண்டெனின் விளையாட்டையே நிறுத்திவிடலாமே என்பாரும் உளர். அது பொருந்தாது. குழுவில் ஆடியமையும், தலைவனாய் நின்று நடத்தியமையும் அனுமதிக்கு வேண்டிய தகைமைகளாகவே மதிக்கப்படுகின்றன. 1919 முதல் 1922 வரை வெஸ்ற் பொயின்றின் அதிபராயிருந்த டக்ளஸ் மக்காதர், மாணவர் ஒவ்வொருவரும் விளையாட்டிற் கலந்துகொள்ள வேண்டும் என விதித்த காலந்தொட்டு அக்கழகத்தின் வழக்கும் அதுவே. அன்றியும், குழுவை இடைநடுவில் விட்டுச் செல்பவனைப் பற்றிப் பயிற்றுநர் யாது எழுதிக்கொடுப்பார்? தன் நோக்கத்தைப் பருவத் தொடக்கத்திலேயே பயிற்றுநரிடம் சொல்லிவிடுதலே தக்கது. அறிந்த பயிற்றுநர், தோள் களைக்கும் நாளில் மேலும் நூறு தண்டால் விதியார்.

பரீட்சை நாளைப் பெரும்பாலும் விண்ணப்பகாரரே, குறித்த இறுதித் திகதிக்கு முன்னர்த் தெரிந்துகொள்ளலாம். பாடசாலை உடற்பயிற்சி ஆசிரியரே அதனை நடத்துதலும் உண்டு. இச்சலுகையைப் பலர் வீணாக்குகின்றனர். ஓய்வு மாதங்களில் கட்டிய வலிமை குன்றுமுன், போட்டி இல்லாத வாரமொன்றில், இரு நாள் இளைப்பாறிய பின் செல்லுதல் நன்று. மைல் ஓட்டம் ஐந்து அங்கங்களுக்குப் பின்னரே வருவது. கைகள் கனத்து, மூச்சு முழுதும் மீளாத நிலையில் ஓடவேண்டியது. நான்கு சுற்றில் முதற் சுற்றை உற்சாகத்தால் விரைந்தோடி, மூன்றாஞ் சுற்றிலே தளர்வோர் மிகப் பலர். ஆறரை நிமிடத்தில் முடிக்கக் கருதுபவன் முதற் சுற்றை 97 அல்லது 98 செக்கனுக்குக் குறையாமல் ஓடப் பழகுக. அதற்கு, தண்டால் எடுத்த கையோடு ஒரு சுற்று மாத்திரம் மணிக்கூடு பார்த்து ஓடி நிற்றலை வாரம் ஒருமுறை செய்தாற் போதும்.